எஞ்சியிருக்கிற பார்வைக்குக் கருவி செய்யுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடசாலைக் கண்காட்சி, பல்கலைக்கழக இறுதியாண்டுச் செயற்றிட்டம், புத்தாக்கப் போட்டி என்று எங்கள் பிள்ளைகள் செய்கிற புதிய கருவிகளைப் பற்றித் தங்கள் பத்திரிகை விடாமல் எழுதிவருகிறது. அதற்கு முதலில் நன்றி. அந்தச் செய்திகளில் அடிக்கடி வருகிற ஒன்று, விழிப்புலனற்றோருக்கான மின்னணுக் கண்ணாடி. படத்தில் ஒரு பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிற்கும். நெற்றிப் பக்கத்தில், காதுக்குக் கேளாத ஒலியை அனுப்பித் தடையை அறிகிற மீயொலி உணரி இரண்டு வட்டமாகத் தெரியும். எதிரே சுவரோ ஆளோ வந்தால் கருவி சத்தமிடும், இல்லாவிட்டால் அதிரும். தலைப்பை நானே வாசித்துவிடுவேன். உள்ளே இருக்கிற சின்ன எழுத்தைத் தங்கச்சி வாசித்துச் சொல்லுவா.

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். விழித்திரையின் மையப் பகுதி மெல்ல மெல்லக் கெட்டுப்போகிற பரம்பரை நோய் எனக்கு. இரண்டு கண்ணிலும் பார்வை 6/60 அளவில் நிற்கிறது. அதாவது, நல்ல கண் உள்ள ஒருவர் 60 மீற்றரில் நின்று வாசிக்கிற எழுத்தை நான் 6 மீற்றருக்குக் கிட்டப் போனால்தான் வாசிப்பேன். மூக்குக்கண்ணாடி போட்டும் அவ்வளவுதான். சத்திரசிகிச்சையால் திருத்தக்கூடியதும் இல்லை.

அந்த மாணவர்களிடம் தங்கள் பத்திரிகை மூலம் ஒன்று கேட்க வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். பார்வையில் குறை உள்ளவர்களில் பெரும்பாலானோர் முழு இருட்டில் இருப்பவர்கள் அல்லர். அவர்களிடம் கொஞ்சமாவது பார்வை மிஞ்சியிருக்கிறது. அந்த மிஞ்சிய பார்வையை வைத்துக்கொண்டுதான் நாங்கள் சமைக்கிறோம், சந்தைக்குப் போகிறோம், படிக்கிறோம், படிப்பிக்கிறோம். சுவர் எங்களுக்குத் தெரியும். சுவரில் எழுதியிருப்பதுதான் தெரியாது. சுவர் வருகிறது என்று சத்தமிடுகிற கண்ணாடி எங்களுக்கு என்ன செய்யும்?

இப்படியான பார்வை எப்படி இருக்கும் என்பதை நல்ல கண் உள்ளவர்கள் விளங்கிக்கொள்வது கஷ்டம்தான். எனக்கு ஓரங்கள் எல்லாம் வடிவாகத் தெரியும். நடுவில்தான் ஒன்றும் இல்லை. கறுப்பாகக்கூட இல்லை, அந்த இடம் கலங்கிப் போய்க் கிடக்கும். ஒழுங்கையில் எதிரே வருகிறவருடைய சாரத்தின் கோடு தெரியும், சைக்கிள் தெரியும், முகம் தெரியாது. பழைய மாணவர்கள் சிரித்துக்கொண்டு கடந்து போவார்கள். நான் பேசாமல் போவேன். "ரீச்சர் இப்ப கண்டும் காணாத மாதிரிப் போறா" என்ற கதை என் காதுக்கே வந்தது. மறுபக்கத்தில், தரையில் விழுந்த ஊசி ஓரக்கண்ணில் பட்டு நான் எடுத்துக் கொடுத்தால், "இதெல்லாம் தெரியுது, எழுத்து மட்டும் தெரியாதாமோ?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இது பார்வைக் குறையைவிடப் பெரிய வேதனை.

லண்டனில் இருக்கிற தம்பி போன முறை ஊருக்கு வந்தபோது, அங்கே ஒருவர் பாவித்துவிட்டு விற்ற தலையணிக் கருவி ஒன்றை எனக்கென்று வாங்கி வந்தான். கண்களை மூடுகிற மாதிரி ஒரு பெரிய கண்ணாடி. முன்னால் ஒரு கமரா, உள்ளே ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு சின்னத் திரை, இடுப்பில் கொழுவ ஒரு பற்றரிப் பெட்டி, கையில் பிடிக்க ஒரு ரிமோட். கமரா பார்க்கிற காட்சியைக் கருவி பெருப்பித்து, வெளிச்சத்தையும் நிறவேறுபாட்டையும் கூட்டி, கண்ணுக்கு முன்னால் திரையில் காட்டும். விறாந்தையில் கதிரையைப் போட்டு என்னை இருத்தி அவன் அதை மாட்டிவிட்டான்.

முதலில் தெரிந்தது தம்பியின் மகளின் முகம். அந்தப் பிள்ளை பல்லுக்குக் கம்பி போட்டிருந்தது எனக்கு அதுவரை தெரியாது. இரண்டு கிழமையாக ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். சிரித்தபோது அந்தக் கம்பியில் நீல நிறச் சின்ன வளையங்கள் இருப்பதைக்கூடக் கண்டேன். பிறகு தங்கள் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தை மடியில் விரித்தேன். எங்கள் ஊரில் காலமையில் எல்லோரும் முதலில் புரட்டுகிற பக்கம் அதுதானே. நிறத்தை மாற்றி, கறுப்பில் வெள்ளை எழுத்தாக்கி, ஒரு பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தேன். தமிழ் வாசிக்க வெறும் பெருப்பம் மட்டும் போதாது என்பது அப்போது நன்றாக விளங்கியது. ஆங்கிலத்தை வாசிக்கக் கூடிய அளவுக்குப் படத்தைப் பெருப்பித்தால் தமிழில் புள்ளி தெரியாது. புள்ளி தெரியாவிட்டால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ன, ண இரண்டையும் பிரிக்கிற சுழியும் கரைந்துவிடும். இன்னும் இரண்டு படி பெருப்பிக்க வேண்டியிருந்தது. அப்படிப் பெருப்பித்தால் ஒரு சொல்லே திரையில் முழுதாக அடங்காது.

எழும்பி நடக்கப் பார்த்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. தலையைத் திருப்பினால் படம் ஒரு கணம் பிந்தி வந்தது. விறாந்தைப் படி இருக்கிற இடம் ஒன்று, திரையில் தெரிகிற இடம் வேறொன்று. தம்பி கையைப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றி வயிற்றைப் பிரட்டியது. மத்தியான வெக்கையில் முகம் வியர்த்து உள்ளே கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. மூக்கின் மேல் பாரமும் தாங்கவில்லை.

அன்று பின்னேரம் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒரு பெடியனையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னோம். உயர்தரம் படிக்கிறவர். அவருக்கு இருப்பது டொக்டர்மார் சுருக்கமாக ஆர்.பி. என்று சொல்கிற விழித்திரை நோய். என் பார்வைக்கு நேரெதிர். நடுவில் நன்றாகத் தெரியும், புத்தகத்தைச் சாதாரணமாக வாசிப்பார். ஓரம் முழுதும் போய்விட்டது. வீட்டு வாசலில் நிற்கிற சைக்கிளில் இடறுவார். பொழுதுபட்டால் ஒன்றுமே தெரியாது, ரியூசன் முடிந்து தனியே வர ஏலாது. கருவியைப் போட்டவர் உடனேயே கழற்றிவிட்டார். "ரீச்சர், எழுத்து எனக்கு ஏற்கெனவே தெரியுது. பக்கத்திலை நிக்கிறதுதான் தெரியேல்லை. இதைப் போட்டா அதுவும் இல்லாமல் போகுது" என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. அதற்கான காரணம் சாதாரண கேத்திரகணிதம்தான். இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற ஒருவர் இடமிருந்து வலமாக ஏறக்குறைய 180 பாகை பார்க்கிறார். அப்படியான கருவியின் கமரா 40 பாகை பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 4 மடங்கு பெருப்பித்தால் திரையில் மிஞ்சுவது 10 பாகை. என்னைப் போன்றவர்களுக்கு அது பரவாயில்லை, ஏனென்றால் எழுத்து பெருத்தால் அதன் விம்பம் கெட்டுப்போன நடுப்பகுதியைத் தாண்டி ஓரத்து நல்ல விழித்திரையில் விழும். நுணுக்கமாகப் பார்க்க உதவுகிற கூம்புக் கலங்கள் ஓரத்தில் ஐதாக இருப்பதால் பெரிய எழுத்துத்தான் அங்கே பிடிபடும். ஆர்.பி. உள்ளவருக்கோ பெருப்பித்தல் இருக்கிறதையும் பறிக்கிறது. அவருக்கு வேண்டியது சுருக்குதல்: அகலமான காட்சியை ஒடுக்கி, மிஞ்சியிருக்கிற சின்ன யன்னலுக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதோடு இருட்டில் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டவும் வேண்டும், ஏனென்றால் அந்த நோயில் முதலில் சாவது மங்கல் வெளிச்சத்தில் வேலை செய்கிற கோல் கலங்கள்.

ஆகவே விழிப்புலனற்றோருக்கு ஒரு கண்ணாடி என்று பொதுவாகத் தொடங்கினாலே வேலை பிழைத்துவிடும். யாருடைய கண், அதில் எந்தப் பகுதி மிஞ்சியிருக்கிறது, அவர் என்ன வேலைக்கு அதைப் பாவிக்கப் போகிறார் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தத் துறையில் உலகம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்மர் கண் நிலையமும், நாசாவும், முன்னாள் படையினருக்கான திணைக்களமும் சேர்ந்து தலையில் அணிகிற முதல் குறைபார்வைக் கருவிகளில் ஒன்றைச் செய்தன. ரொபர்ட் மாசொஃப் அதற்கு முன்னின்றார். கறுப்பு வெள்ளைப் படம், தலைக்குப் பாரம். ஆனாலும் அதற்குப் பிறகு வந்தவையெல்லாம் அந்த வழியில்தான் வந்தன. கனடாவில் ஈசைட் நிறுவனத்தைத் தொடங்கிய பொறியியலாளருக்குப் பார்வை குறைந்த இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். அவர்களுக்கு என்று நினைத்துத் தொடங்கியதுதான் அந்த வேலை. அந்த நிறுவனத்தின் கருவியில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: திரையைக் கொஞ்சம் மேலே சாய்த்து வைக்கலாம். வாசிக்கும்போது திரை, நடக்கும்போது கீழாலும் ஓரத்தாலும் சொந்தக் கண். என் விறாந்தையில் நான் பட்ட பாட்டுக்கு இதுதான் மருந்து.

ஓரப் பார்வை போனவர்களுக்காகப் பொஸ்ரனில் உள்ள ஷெபென்ஸ் கண் ஆராய்ச்சி நிலையத்தில் ஈலை பெலி என்ற அறிஞர் வேறு வழியில் யோசித்தார். ஊடே பார்க்கக்கூடிய ஒரு சின்னத் திரையில், அகலக் கமரா பார்க்கிற காட்சியின் வெளிக்கோடுகளை மட்டும் சுருக்கி வரைந்து காட்டுவது. கண் தன் பாட்டில் நேரே பார்க்கும், அதன் மேல் மெல்லிய கோடுகளாக ஓரத்து உலகம் தெரியும். பக்கத்தில் ஒரு சைக்கிள் நின்றால் அது கோடாகத் தெரிந்துவிடும், தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். ஜப்பானில் ஹோயா நிறுவனம் கியூஷு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மாலைக்கண் உள்ளவர்களுக்கென்றே, மங்கல் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுகிற கண்ணாடி ஒன்றைச் செய்தது. எங்கள் ஒழுங்கைப் பெடியனுக்கு வேண்டியவை இந்த இரண்டும்தான்.

சரி, இவ்வளவும் வெளிநாட்டில் இருக்கும்போது நாங்கள் ஏன் புதிதாகச் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். முதலாவது விலை. ஈசைட் கருவியின் மூன்றாவது வடிவம் 2017இல் வந்தபோது ஏறக்குறைய 10,000 அமெரிக்க டொலர். இன்றைய மதிப்பில் முப்பது இலட்சம் ரூபா. காணி விற்றால்தான் ஏலும். எழுத்தை வாசித்துச் சொல்கிற சின்னக் கமராக்கள் அதைவிட மலிவு என்றாலும் அவையும் அப்போது ஆயிரக்கணக்கான டொலர்தான்.

விலையை விடுங்கள், வெளிநாட்டு உறவுகள் அனுப்புவார்கள் என்று வைத்துக்கொண்டாலும், பழுதானால் யார் பார்ப்பது? தம்பி கொண்டுவந்த கருவியின் பற்றரி இப்போது சார்ஜ் நிற்கிறதில்லை. அந்த வடிவத்தில் பற்றரி இங்கே எடுக்க ஏலாது. இது என் ஒருத்தியின் பிரச்சினை மட்டும் இல்லை. கூகிள், கமராவும் திரையும் கொண்ட தன்னுடைய கண்ணாடியின் விற்பனையை 2023 மார்ச்சில் நிறுத்தியது. பார்வை குறைந்தோருக்கான நல்ல கருவி ஒன்று அந்தக் கண்ணாடியின் மேல்தான் கட்டப்பட்டிருந்தது. இதைவிடக் கொடுமை ஆர்கஸ் 2 என்ற விழித்திரை உள்வைப்பின் கதை. 2013இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்று, உலகம் முழுதும் 350க்கு மேற்பட்டோரின் கண்ணுக்குள் வைக்கப்பட்டது. பிறகு அதைச் செய்த நிறுவனம் பணமில்லாமல் கைவிட்டுவிட்டது. கண்ணுக்குள் கருவி இருக்கிறது, அதைப் பார்க்க ஆள் இல்லை. ஆகவே யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் கைத்தொலைபேசி திருத்துகிற ஒரு தம்பி திறந்து பற்றரி மாற்றக்கூடியதாக இருக்கிற கருவியைத்தான் நான் நல்ல கருவி என்பேன்.

மலிவாக, எங்கள் பகுதியிலேயே செய்ய முடியுமா? முடியும் என்பதற்கு அயலில் இரண்டு சாட்சி இருக்கிறது. மதுரை அரவிந்த் கண் வைத்தியசாலையை எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். கண்புரைச் சத்திரசிகிச்சையில் உள்ளே வைக்கிற வில்லை நூறு டொலர் அளவில் விற்ற காலத்தில், அவர்கள் 1992இல் அவுரோலாப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கித் தாங்களே வில்லை செய்தார்கள். விலை பத்து டொலர் அளவுக்கு இறங்கியது. மற்றது டெல்லி ஐஐடியில் செய்த ஸ்மார்ட்கேன். வெள்ளைப் பிரம்பின் கைபிடியில் பொருத்துகிற கருவி அது. முழங்காலுக்கு மேலே, பிரம்பு தொடாத உயரத்தில் வருகிற தடைகளை மூன்று மீற்றர் தூரத்திலேயே மீயொலியால் உணர்ந்து கையில் அதிர்வாகச் சொல்லும். 2005 அளவில் மாணவர் செயற்றிட்டமாகத் தொடங்கியது. 2014இல்தான் விற்பனைக்கு வந்தது. அப்போது விலை 3,000 இந்திய ரூபா அளவு. சென்னையில் உள்ள ஒரு மருத்துவக் கருவி நிறுவனம் அதைத் தயாரிக்கிறது. நம் கண்காட்சிக் கண்ணாடியில் இருக்கிற அதே மீயொலிதான் அதிலும் இருக்கிறது. ஆனால் அவர்கள் பார்வையற்றோர் அமைப்போடு சேர்ந்து, பாவிக்கிறவர்களின் கையில் கொடுத்து, அவர்கள் குறை சொல்லச் சொல்ல மாற்றிக்கொண்டே ஒன்பது வருடம் இருந்தார்கள். எங்கள் பிள்ளைகளின் கருவிகள் சான்றிதழ் வாங்கிய அன்றைக்கு அலுமாரிக்குள் போய்விடுகின்றன. அடுத்த வருடம் வேறொரு குழு அதே கருவியை முதலிலிருந்து தொடங்குகிறது. இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல ஏலாது. வழிகாட்டுகிற நாங்கள், ஆசிரியர்கள், முந்திய வருடத்துக் கோப்பையும் கருவியையும் அடுத்த குழுவிடம் கொடுத்து, இதிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லலாம்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் கணினி படிக்கிற பிள்ளைகளுக்குக் குறைவில்லை. சாமான்களும் இன்று எட்டக்கூடியவை. ராஸ்பெரி பை சீரோ 2 என்ற சின்னக் கணினி 15 டொலருக்குத்தான் வெளிவந்தது. கைத்தொலைபேசியில் கொழுவிப் படம் பார்ப்பதற்கென்று விற்கிற திரைக்கண்ணாடிகள் சில நூறு டொலருக்கு வருகின்றன. தலையில் புதிய கணினி ஒன்றைக் கட்டாமல், எல்லோர் கையிலும் இருக்கிற தொலைபேசியைக் கொண்டே வேலையைச் செய்வித்தால், திருத்துவதும் சுகம், பாரமும் குறையும். காட்சியின் வெளிக்கோட்டைப் பிரித்தெடுக்கிற, நிறவேறுபாட்டைக் கூட்டுகிற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

கஷ்டமான இடம் வேறு. ஒன்று அந்தத் தாமதம். தலையணித் திரைகளில் அசைவுக்கும் படத்துக்கும் இடையில் 20 மில்லி விநாடிக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான கணக்கு. விநாடிக்கு 30 படம் எடுக்கிற மலிவுக் கமராவில் ஒரு படத்துக்கே 33 மில்லி விநாடி போய்விடும். என் வயிற்றைப் பிரட்டியது இதுதான். இதைக் குறைப்பது நல்லதொரு இறுதியாண்டு ஆராய்ச்சி. குறைக்க முடியாவிட்டால், நிற்கும்போது மட்டும் பாவிக்கிற மாதிரிச் செய்யலாம். பஸ் போர்டை ஒரு படமாகப் பிடித்து, அசையாமல் நிறுத்தி, பெருப்பித்துப் பார்த்தால் எனக்குப் போதும். 750 பருத்தித்துறை பஸ்ஸா என்று தெரிந்துகொள்ள அசைகிற படம் தேவையில்லை.

மற்றது எங்கள் வெயில். ஊடே பார்க்கிற திரைகள் உலகத்தின் மேல் வெளிச்சத்தைக் கூட்டுமே தவிர ஒன்றையும் இருளாக்க மாட்டா. யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் அவை கழுவிவிட்ட மாதிரி வெளிறிப்போகும். கறுப்புக் கவசம் ஒன்று கழற்றிப் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். பேசுகிற கருவி என்றால் தமிழில் பேச வேண்டும், தமிழ் எழுத்தை வாசிக்க வேண்டும். அச்செழுத்தை இன்றைய மென்பொருள்கள் ஓரளவுக்கு வாசிக்கின்றன. கடைப் பலகையில் தூரிகையால் எழுதிய எழுத்தில்தான் தடுமாறுகின்றன. மூன்று மொழியும் ஒரே பலகையில் இருப்பது எங்கள் நாட்டில் இன்னொரு சோதனை. மாணவர்கள் நகரத்துப் பெயர்ப்பலகைகளைப் படம் எடுத்துச் சேர்த்து மென்பொருளைப் பழக்கினால், அதுவே பெரிய சேவை.

தோற்றத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் சமூகத்தில் பிள்ளைக்குப் பார்வைக் குறை என்றால் வீட்டார் வெளியில் சொல்ல மாட்டார்கள். சம்பந்தம் பேச வராது என்ற பயம். ஒழுங்கைப் பெடியனுக்குப் பிரம்பைக் கையில் எடுக்கவே மனமில்லை. ஆகவே நெற்றியில் பெட்டி கட்டினமாதிரி இருக்கிற எதையும் அந்த வயதில் யாரும் போட மாட்டார்கள், எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் சரி. சாதாரண மூக்குக்கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், அல்லது தொலைபேசியைக் கையில் வைத்திருக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. உதவிக் கருவிகளை ஆராய்ந்து உருவாக்குவதை அரசு ஊக்குவிக்க வேண்டும், கட்டுப்படியான விலைக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று அதன் 4ஆம் உறுப்புரை சொல்கிறது. அதே உறுப்புரைதான், எங்களைப் பற்றிய முடிவுகளை எங்களோடு நெருக்கமாகக் கலந்தே எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மாகாண நிர்வாகமும் பல்கலைக்கழகமும் இதை மனதில் வைத்து, கண் சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒருவரும் பாவிக்கப் போகிறவர்கள் சிலரும் இல்லாத எந்தச் செயற்றிட்டத்துக்கும் நிதி கொடுக்காமல் இருந்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம். புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு சொல். பாவித்த கருவிகளை வாங்கி அனுப்புகிற அன்புக்கு நன்றி. அந்தக் காசில் ஒரு பகுதியை இங்கே கருவி செய்கிற பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து கொடுத்தால் இன்னும் கனபேருக்கு உதவும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நிறப் பின்னணியின் மேல் வெளிறிய எழுத்தில் வருகிற அறிவித்தல்களை எந்தக் கருவியாலும் வாசிக்கக் கஷ்டம். வெள்ளையில் கறுப்பு எழுத்தாகப் போட்டால், கைவில்லை வைத்து வாசிக்கிற வயதானவர்களும் பயனடைவார்கள். செலவும் அதிகமாகாது.

மாணவர்களுக்குக் கடைசியாக. வேலையைத் தொடங்க முதல், விழிப்புலனற்ற பிள்ளைகள் இருக்கிற சுன்னாகம் வாழ்வகத்துக்கும் கைதடி நவீல்ட் பாடசாலைக்கும் ஒருக்கால் போய் வாருங்கள். கருவியைக் கொண்டுபோக வேண்டாம், கேட்டுக்கொண்டு மட்டும் வாருங்கள். எங்கள் வீட்டுக்கும் வரலாம். பின்னேரங்களில் நான் வீட்டில்தான் இருப்பேன், ஒழுங்கைப் பெடியனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தம்பி தந்த கருவியைத் திறந்து பார்க்க விரும்பினால் தாராளமாகத் திறக்கலாம். கேள்விகளை எழுதிக்கொண்டு வாருங்கள், அரைகுறையாக இருக்கிற மாதிரிக் கருவியையும் கூச்சப்படாமல் கொண்டுவாருங்கள். போட்டுப் பார்த்து, எங்கே சரி, எங்கே பிழை என்று உள்ளபடி சொல்வேன். என் முகவரி தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியை,
நெல்லியடி.